1000 வாட், 120 கிலோமீட்டர், 599 வெள்ளி: விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கைப்பேசித் திரையில் ஒரு விளம்பரம் வருகிறது. தடித்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், பின்னணியில் பனிமலை. மின்சாரத்தில் ஓடும் மலைச் சைக்கிள். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது: “1000 வாட் மோட்டார். 48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலன். ஒருமுறை மின்னேற்றினால் 120 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். எடை 27 கிலோகிராம். விலை 2,399 வெள்ளி, இன்று மட்டும் 599 வெள்ளி!”

இது எந்தக் கடையின் விளம்பரமும் அல்ல. நான் பார்த்த பலவற்றைக் கலந்து எழுதிய மாதிரி. ஆனால் இதேபோன்ற ஒன்று உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். வாங்கும் முடிவை எடுப்பவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். ஆனால், “இது நல்லதா என்று கொஞ்சம் தேடிப் பார்” என்று கைப்பேசி வந்து சேரும் இடம் பெரும்பாலும் உங்கள் கைதான். அப்போது பின்னூட்டங்களைப் படிக்கத் தொடங்காதீர்கள். கணிப்பானை எடுங்கள். உயர்நிலை இரண்டு, மூன்றில் படித்த இயற்பியலே போதும்.

முதலில் 48-ஐ 10-ஆல் பெருக்குங்கள். 480 வாட்-மணி. மின்கலனில் இருக்கும் மொத்த ஆற்றல் இவ்வளவுதான். மின்கலன் தண்ணீர் வாளி என்றால் மோட்டார் அதன் குழாய். 1000 வாட் குழாயை முழுவதும் திறந்துவிட்டால் 480 வாட்-மணி வாளி 29 நிமிடங்களில் காலியாகிவிடும். 29 நிமிடங்களில் 120 கிலோமீட்டர் போக வேண்டுமானால் சைக்கிள் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும்!

“முழுத் திறனில் ஓட்ட மாட்டோமே” என்று விற்பவர் சொல்லலாம். நியாயம்தான். அதையும் கணக்கிடுவோம். 480 வாட்-மணியில் 120 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 4 வாட்-மணி. அது போதுமா?

ஓட்டுபவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 95 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் டயரின் உருளல் தடை சுமார் 9 நியூட்டன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை சுமார் 16 நியூட்டன். மொத்தம் 25. வேலை என்பது விசை பெருக்கல் தூரம்; 25 நியூட்டனை 1,000 மீட்டருக்குத் தாண்டினால் 25,000 ஜூல். ஒரு வாட்-மணி 3,600 ஜூல் என்பதால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 வாட்-மணி தேவை. மோட்டார் வெப்பமாக வீணாக்கும் பங்கை இன்னும் சேர்க்கவில்லை. மின்கலன் 4 தந்தால் மீதியைத் தருவது யார்? உங்கள் கால்கள்தான். ஆக, 120 என்பது முழுப் பொய் அல்ல. மேடே இல்லாத பாதையில், மிகக் குறைந்த உதவி நிலையில், பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கால்களே செய்தால் கிடைக்கக்கூடிய தூரம் அது.

இப்போது அதே சைக்கிளை மணிக்கு 45 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். வேகம் 1.8 மடங்கு ஆகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது 3.24 மடங்காகி 52 நியூட்டனுக்கு ஏறிவிடும். உருளல் தடையையும் சேர்த்தால் 61 நியூட்டன், கிலோமீட்டருக்கு 17 வாட்-மணி. மோட்டாரில் துளி ஆற்றல்கூட வீணாகாவிட்டாலும் 28 கிலோமீட்டரில் மின்கலன் தீர்ந்துவிடும். 120 கிலோமீட்டர் தூரம் உண்மையாக இருக்கலாம், 45 கிலோமீட்டர் வேகமும் உண்மையாக இருக்கலாம். ஒரே பயணத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. விளம்பரம் அந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்திருக்கிறது, பார்த்தீர்களா?

மேடு ஏற எத்தனை வாட் வேண்டும்?

மலைச் சைக்கிள் என்றால் மேடு ஏற வேண்டும், அதற்கு 1000 வாட் வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் செங்குத்தான பாதையில், அதே 95 கிலோகிராமுடன் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறோம். புவியீர்ப்புக்கு எதிராக 95 நியூட்டன், மண் பாதையின் தடைக்கு 13 நியூட்டன் என்று வைத்தால் 108 நியூட்டன். வேகம் நொடிக்கு 2.5 மீட்டர். திறன் 270 வாட். அதில் 100 வாட் உங்கள் கால்களிலிருந்து வரும். மோட்டார் 170 வாட் கொடுத்தால் போதும்.

ஐரோப்பாவில் விற்கும் பெயர்பெற்ற மின் மலைச் சைக்கிள்களில் 250 வாட் மோட்டார்தான் இருக்கிறது. பாஷ் நிறுவனத்தின் ‘பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ்’ மோட்டாரின் தொடர் திறன் 250 வாட். அதன் முறுக்குவிசை 85 நியூட்டன்-மீட்டர். ஷிமானோவின் ‘இபி8’ மோட்டாரும் அதே 85 நியூட்டன்-மீட்டர்தான். தொடர் திறன் என்பது சூடேறிக் கெடாமல் நெடுநேரம் தரக்கூடிய திறன். சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடியது உச்சத் திறன். இது எது என்று சொல்லாமல் ‘1000 வாட்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதை உச்சத் திறன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுக் கருவி எத்தனை ஆம்பியர் விடும் என்று கேளுங்கள். 15 என்று பதில் வந்தால், 48 பெருக்கல் 15, வெறும் 720 வாட். 1000 எங்கிருந்து வந்தது?

வாட்டைவிட முக்கியமானது மோட்டார் இருக்கும் இடம். மலிவான சைக்கிள்களில் அது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும். மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகவே சுற்ற வேண்டும்; அப்போது மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகிவிடும். மிதிகட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மோட்டார் சங்கிலி வழியாக வேலை செய்கிறது. நீங்கள் பின்னால் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் அது தனக்கு வசதியான வேகத்தில் சுற்றிக்கொண்டே சக்கரத்தில் முறுக்குவிசையைக் கூட்டும். கியர் உங்கள் கால்களுக்குச் செய்யும் அதே உதவியை மோட்டாருக்கும் செய்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் உண்மையாகவே மேடு ஏறப்போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பூங்கா இணைப்புப் பாதையில் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு இந்தச் செலவு வீண்.

ஸ்பிரிங்கைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான பின் ஸ்பிரிங் எடையைக் கூட்டுவதைத் தவிர பெரிதாக எதுவும் செய்யாது. அந்தப் பணத்துக்கு நல்ல ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வாங்கலாம்.

27 கிலோகிராம் என்ற எண்

சிங்கப்பூரில் இந்த ஓர் எண்ணே தீர்ப்பை எழுதிவிடுகிறது. இங்கே மின்சைக்கிளின் எடை 20 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் நின்றுவிட வேண்டும். மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். கைப்பிடியைத் திருகி ஓட்டும் வசதி கூடாது. ‘இஎன் 15194’ என்ற ஐரோப்பியத் தரத்தை நிறைவுசெய்து, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை ஒட்டப்பட்டு, பதிவெண் தகடும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல், கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் விற்கும் நல்ல மின் மலைச் சைக்கிள்களிலேயே பல 20 முதல் 25 கிலோகிராம் வரை இருக்கின்றன. தரமானதாக இருந்தும் அவற்றில் பல இங்கே தேறாது. பின் ஸ்பிரிங் இல்லாத, சிறிய மின்கலன் கொண்ட வகைகளைத்தான் தேட வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்க ஆணையத்தின் முன் அனுமதியும் வேண்டும். “சிங்கப்பூருக்கு இலவசமாக அனுப்புவோம்” என்று சொல்லும் விற்பனையாளர் இந்த அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்றால், சைக்கிள் பறிமுதல் ஆனாலும் நட்டம் அவருக்கு இல்லை.

மின்கலனை எடை போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பெரும்பாலான சைக்கிள் மின்கலன்கள், விரல் தடிமனில் உள்ள சிறிய லித்தியம் கலங்களை அடுக்கிச் செய்யப்படுபவை. ‘18650’ என்ற வகை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது; ஒன்றின் எடை சுமார் 48 கிராம். அது தருவது ஏறத்தாழ 3.6 வோல்ட், நல்ல கலத்தில் 3.5 ஆம்பியர்-மணி. 48 வோல்ட் வேண்டுமானால் தொடரிணைப்பில் 13 கலங்கள் வேண்டும். 20 ஆம்பியர்-மணி வேண்டுமானால் அப்படிப்பட்ட ஆறு வரிசைகளைப் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும். மொத்தம் 78 கலங்கள். கலங்கள் மட்டுமே 3.7 கிலோகிராம். “48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி, எடை 2 கிலோகிராம்” என்று ஒருவர் எழுதியிருந்தால், உள்ளே பாதிக் கலங்கள் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

மின்னேற்றியையும் பாருங்கள். ஒரு லித்தியம் கலம் 4.2 வோல்ட் வரை ஏறலாம். எனவே 36 வோல்ட் மின்கலனுக்கு, அதாவது 10 கலங்களுக்கு, மின்னேற்றியில் 42 வோல்ட் என்று இருக்க வேண்டும். 48 வோல்ட் மின்கலனுக்கு 54.6. மாற்றிப் பொருத்தினால் ஒவ்வொரு கலமும் தாங்கக்கூடியதற்கு மேல் ஏற்றப்படும். தடுக்க வேண்டிய பாதுகாப்புச் சுற்று மலிவானதாக இருந்தால் கலத்தின் உட்தடுப்பு கிழிந்து, உள்ளேயே மின்குறுக்கு ஏற்படலாம். ஒரு கலத்தின் வெப்பம் பக்கத்துக் கலத்தைப் பற்றவைக்கும், அது அடுத்ததை. 2021 ஜூன் மாதம் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக புளோக்கின் மின்தூக்கிக்குள் மின்சைக்கிளின் மின்கலன் தீப்பிடித்து, 20 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஓடி ஒதுங்க அங்கே இடமில்லை. இந்தக் கணக்கையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருப்பது 599 வெள்ளிக்காக மட்டும் அல்ல.

இனி விற்பனையாளர்

சைக்கிளைச் சோதித்த அதே வழியில் கடையையும் சோதிக்கலாம். அவர் சொல்லும் ஒரு விவரம் இன்னொன்றோடு ஒத்துப்போகிறதா?

“20 ஆண்டு அனுபவம்” என்று தளத்தில் இருக்கும். அந்த இணைய முகவரி எப்போது பதிவுசெய்யப்பட்டது என்பதை ‘ஹூ இஸ்’ தேடலில் எவரும் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் யோசியுங்கள். அதே தளத்தில் “இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன், அருமை” என்று ஐந்து நட்சத்திரப் பின்னூட்டமும் இருந்தால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள். உள்ளூர் நிறுவனம் என்று சொன்னால் பதிவெண்ணைக் கேளுங்கள். அக்ரா அமைப்பின் ‘பிஸ்ஃபைல்’ தளத்தில் இலவசமாகத் தேடலாம். சைக்கிள் படத்தைப் படத்தேடலில் போடுங்கள். ஒரே படம் வெவ்வேறு பெயர்களில் பத்துக் கடைகளில் வந்தால், இவர் அந்தச் சைக்கிளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பிறகு எழுதிக் கேளுங்கள். மின்கலனோடு சேர்த்து எடை என்ன? தொடர் திறன் எவ்வளவு? கலங்களைச் செய்தவர் யார்? பதிவெண்ணோடு இருக்கும் ஒரு சைக்கிளின் ஆரஞ்சு முத்திரையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? மின்கலன் கெட்டால் யார் மாற்றுவார்? நேர்மையானவர் எண்ணோடு பதில் சொல்வார். தெரியாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்பார். “கவலை வேண்டாம், மிகவும் சக்திவாய்ந்தது, இன்னும் இரண்டுதான் மீதம்” என்பது பதில் அல்ல.

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லித்தியம் மின்கலன் ஆபத்தான சரக்கு வகையைச் சேர்ந்தது. பயணிகள் விமானத்தில் தனி லித்தியம்-அயன் மின்கலன்களைச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் அனைத்துலக அளவில் தடைசெய்யப்பட்டுள்ளது. கெட்டுப்போன 480 வாட்-மணி மின்கலனைச் சாதாரணப் பொட்டலமாகக் கட்டி வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. “30 நாளில் திருப்பித் தரலாம்” என்ற வாக்குறுதிக்கு அப்போது என்ன மதிப்பு? உள்ளூரில் பழுதுபார்க்கும் இடம் இல்லாத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பணம் கட்டும் முறையும் ஒரு துப்புதான். தனிநபர் வங்கிக் கணக்குக்கு பேநவ் வழியாக முன்பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொருள் கைக்கு வந்த பிறகே விற்பவருக்குப் பணத்தை விடுவிக்கும் தளங்கள் இருக்கின்றன. கடன் அட்டையில் கட்டினால் வங்கியிடம் முறையிட வழி உண்டு. தளத்தைவிட்டு வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று அழைப்பவர் அந்தப் பாதுகாப்பிலிருந்துதான் உங்களை வெளியே அழைக்கிறார்.

வீட்டில் யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால், திட்டி நேரத்தை வீணாக்காமல் முதலில் வங்கியை அழைக்கச் சொல்லுங்கள். அடுத்தது போலிஸ் புகார். மோசடியா என்ற ஐயம் மட்டும் இருந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம். விளம்பரம், உரையாடல், கணக்கு எண் எல்லாவற்றையும் உடனே திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள். இத்தகைய கடைகள் ஓர் இரவிலேயே காணாமல் போய்விடும்.