காடு எரிந்தால் அணை தூரும்

அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீரில் பெரும்பகுதி, தெற்கு பிளாட் ஆற்றின் வழியே ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் அணையைக் கடந்து வருகிறது. அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெருமளவு அரசுக் காடு. அங்கே பற்றும் தீ நகரத்தின் குழாய் வரை பாதிக்கும்.

காட்டுத் தரையில் கிடக்கும் சருகு மழைநீரை உறிஞ்சிக்கொள்கிறது. வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. கடுந்தீயில் சருகு சாம்பலாகிறது. அதிலுள்ள மெழுகுப் பொருள்கள் ஆவியாகி, சற்று ஆழத்தில் குளிர்ந்து மண்துகள்கள்மேல் படிகின்றன. அந்த அடுக்கில் நீர் இறங்காது. அடுத்த மழை, சாம்பலையும் மண்ணையும் அரித்துக்கொண்டு சரிவில் பாய்கிறது.

1996 மே மாதம் இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் பற்றிய பஃபலோ கிரீக் தீ சுமார் 12,000 ஏக்கரை எரித்தது. அதே ஆண்டு ஜூலையில் கொட்டிய மழையின் வெள்ளத்தில் இருவர் இறந்தனர்; அணைக்குள் வண்டல் குவிந்தது. 2002இல் இங்கே பற்றிய ஹேமன் தீ ஏறத்தாழ 1,38,000 ஏக்கரைத் தின்றது. இவ்விரு தீயின் விளைவுகளைச் சீர்செய்ய டென்வர் குடிநீர் நிறுவனம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது.

இவ்வளவு கடுமைக்கு மனிதரின் பங்கும் உண்டு. இங்குள்ள பாண்டரோசா பைன் காடுகளில் முன்பு அவ்வப்போது சிறுதீ தரையோடு பரவி, இளங்கன்றுகளைக் கழித்துவிடும். எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935இல் அமெரிக்க வனத்துறை விதித்தது. சிறுதீ நின்றது, காடு அடர்ந்தது. நெருங்கி வளர்ந்த சிறுமரங்கள் வழியே இன்று தீ உச்சிவரை ஏறுகிறது.

ஆகவே தீக்கு முன்பே செய்யவேண்டியவை இரண்டு: சிறுமரங்களை வெட்டிக் கலைத்தல்; காற்றும் ஈரமும் சாதகமான நாளில் காவலோடு தரைச்சருகை எரித்தல். 2010இல் டென்வர் குடிநீர் நிறுவனமும் வனத்துறையும் சரிபாதியாக 3.3 கோடி டாலர் ஒதுக்கி இப்பணிகளைத் தொடங்கின.

தீக்குப் பின் காலம் குறைவு. வனத்துறையின் அவசரகாலக் குழுக்கள் செயற்கைக்கோள் படங்களையும் மண் சோதனையையும் கொண்டு, எந்தச் சரிவு மிகவும் வெந்தது என்று வரைபடம் தயாரிக்கின்றன. அங்கே ஹெலிகாப்டரிலிருந்து வைக்கோலோ மரச்சீவலோ தூவி மூடாக்கு இடப்படுகிறது. மரச்சீவல் காற்றில் எளிதில் பறக்காது. சாலையடிக் குழாய்கள் அகலப்படுத்தப்படுகின்றன. தாழ்வான இடங்களில் வெள்ள எச்சரிக்கை தரப்படுகிறது. பாண்டரோசா விதை தாய்மரத்திலிருந்து அதிக தூரம் போகாது. அதனால் மரமே மிஞ்சாத பரப்பில் கன்று நட்டால்தான் காடு விரைவில் மீளும்.

மூடாக்கு அரிப்பைக் குறைக்கும். போன மண்ணைத் திருப்பித் தராது. தூர்வாரக் கொட்டும் பணத்தைத் தீ வருமுன்னே காட்டில் செலவிடுவதுதான் நகரக் குடிநீருக்கு உண்மையான காப்பு.