வினையின் கையில் ஆங்கில வாக்கியம்

'டெல் மீ த ப்ராப்ளம்' சரி. 'ஷோ மீ த ப்ராப்ளம்' என்பதும் சரி. ஆனால் 'எக்ஸ்ப்ளெயின் மீ த ப்ராப்ளம்' என்றால் தவறு. 'எக்ஸ்ப்ளெயின் த ப்ராப்ளம் டு மீ' என்றுதான் வர வேண்டும். சொல்வது, காட்டுவது, விளக்குவது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேலைதானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச்சட்டம்? பள்ளியில் படித்த காலங்களின் அட்டவணையை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. அந்த வினைச்சொல் தன் வாக்கியத்தை அப்படித்தான் அமைத்துக்கொள்ளும்.

'சஜஸ்ட்' இன்னும் பொல்லாதது. 'ஐ வான்ட் யூ டு கோ', 'ஐ டோல்ட் யூ டு கோ', 'ஐ ஆஸ்க்ட் யூ டு கோ' என்று பழகிய வாய், 'ஐ சஜஸ்ட் யூ டு கோ' என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் அதை ஏற்பதில்லை. 'ஐ சஜஸ்ட் யூ கோ' என்றோ 'ஐ சஜஸ்ட் கோயிங்' என்றோ சொல்ல வேண்டும். 'டாக்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' வரும்; 'டிஸ்கஸ்' அதைக் கேட்பதே இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றிவிடுவார்கள். நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அலுவலகத்தில் நாலு வரி மின்னஞ்சல் எழுத உட்காரும்போதுதான் கை நிற்கிறது. அது அவர்கள் குறையல்ல. ஒரு வினை தனக்குப் பின்னால் எதை அழைத்து வரும் என்பதை வகுப்பில் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

இந்த விஷயத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஏ.எஸ். ஹார்ன்பி. இங்கிலாந்துக்காரரான அவர் 1924-இல் ஜப்பானின் ஓயிட்டா நகருக்கு ஆங்கில ஆசிரியராகப் போனார். இலக்கியம் நடத்தப் போன இடத்தில், மாணவர்களுக்கு முதலில் வேண்டியது மொழிதான் என்று கண்டுகொண்டார். பின்னர், ஹெரால்ட் பாமர் 1923-இல் டோக்கியோவில் தொடங்கிய ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தின் பணியில் சேர்ந்தார். ஜப்பானிய மொழியும் தமிழைப் போலவே வினையை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது. அவருடைய மாணவர்கள் பட்ட அவதி நமக்குப் புதிதல்ல.

ஹார்ன்பியும் இரு சகாக்களும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியானது. போர் முடிந்தபின் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி வெளியிட்டது. இன்று உலகெங்கும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் மூலம் அதுதான். வினைகள் அமரும் வாக்கிய அமைப்புகளை 25 வகையாகப் பிரித்து, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று பதிவிலேயே குறித்துக் காட்டியது அந்த அகராதி. 1954-இல் இந்த அமைப்புகளுக்கென்றே தனிப் புத்தகமும் எழுதினார். அகராதி என்றால் அர்த்தம் பார்க்க மட்டுமே என்று நினைத்த காலத்தில் இது பெரிய மாற்றம்.

வினைக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்? தமிழில் 'ராமன் புலியைக் கொன்றான்' என்றாலும் 'புலியை ராமன் கொன்றான்' என்றாலும் செத்தது புலிதான். 'ஐ' என்ற உருபு காவலுக்கு நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. இடம் மாறினால் ஆள் மாறிவிடும், ராமன் செத்துப்போவான். வினைக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. அதனால் ஏவல் வாக்கியம் தவிர மற்றவற்றில் முன்னிடத்தைக் காலியாக விடவும் முடியாது. மழை பெய்தால்கூட 'இட்' என்று ஒன்றை அங்கே உட்கார வைத்து 'இட் இஸ் ரெயினிங்' என்றாக வேண்டும். 1985-இல் வந்த குவர்க் குழுவினரின் பெரிய இலக்கண நூல், அடிப்படை வாக்கிய வகைகள் ஏழே ஏழு என்கிறது. 'ஷி ஸ்லெப்ட்' என்ற இரண்டு சொல் வாக்கியம் ஒரு வகை. 'ஷி புட் த கீ ஆன் த டேபிள்' இன்னொரு வகை. 'புட்' என்றால் எதை, எங்கே என்ற இரண்டுக்கும் பதில் வந்தே தீர வேண்டும். 'ஷி புட் த கீ' என்று பாதியில் நிறுத்த முடியாது.

பேச்சில் நம்மவர் அதிகம் தடுமாறும் இடம், வேண்டிக் கேட்பது. 'ப்ளீஸ் சென்ட் த ஃபைல்' என்று சொல்லிவிட்டு மரியாதையாகக் கேட்டதாக நினைக்கிறோம். 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அது ஏவல் வாக்கியம்தான். ஆங்கிலத்தில் மரியாதை பெரும்பாலும் கேள்வியாகவும் இறந்தகால வடிவாகவும் வரும். 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' பணிவானது. 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்' அதைவிடப் பணிவானது. நேற்றைப் பற்றிய பேச்சே இதில் கிடையாது. காலத்தில் ஓரடி பின்வாங்கி நின்று, மறுப்பதற்கும் எதிராளிக்கு இடம் விடுகிறார்கள். தமிழில் 'நீங்கள்' என்பதும் 'ங்க' என்ற விகுதியும் செய்யும் வேலையில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் இந்த அமைப்பு செய்கிறது. 'வுட் யூ மைண்ட் க்ளோசிங் த டோர்?' என்று ஒருவர் கேட்டால், உதவ நினைப்பவர் சொல்ல வேண்டியது 'நோ, நாட் அட் ஆல்'. அவர் கேட்பது 'உங்களுக்கு ஆட்சேபமா' என்று. நல்லெண்ணத்தோடு 'யெஸ்' என்று சொல்லி எழுந்து போனால் கேட்டவர் ஒரு கணம் குழம்பிப்போவார்.

எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரத்தை, நான்கு கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பை வைத்து ஆராய்ந்தது 1999-இல் வந்த லாங்மன் இலக்கண நூல். பேச்சில் திரும்பத் திரும்ப வருபவை 'ஐ டோன்ட் நோ', 'டூ யூ வான்ட் டு', 'ஐ வாஸ் கோயிங் டு' போன்ற ஆயத்தத் தொடர்கள். ஆய்வுக் கட்டுரைகளிலோ பெயர்ச்சொற்கள் அடர்ந்து வரும். பாடப்புத்தக வாக்கியத்தை அப்படியே டீக்கடையில் பேசினால் விறைப்பாகத் தெரிவது இதனால்தான்.

அமைப்புகளை வைத்துக் கற்பிக்கும் முயற்சி நம் ஊருக்கும் வந்தது. 1959 வாக்கில் சென்னை மாநிலத்தில், சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் இலக்கோடு ஒரு திட்டம் நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தர வேண்டும். பனிப்பந்து உருண்டு பெருப்பது போல என்பதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் வைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் 'திஸ் இஸ் எ புக்' என்று புத்தகத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே ஒப்பிப்பதில் யாருக்கு என்ன செய்தி இருக்கிறது? இந்தக் குறையை நேர்கொண்டவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாக வைத்து அவர் நடத்திய திட்டத்தில் அமைப்புப் பட்டியலையே ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளை யோசிக்கச் செய்தார்.

பிரபு சொன்னது சரி. அதற்காக ஹார்ன்பியைக் கைவிட வேண்டியதில்லை. உள்ளே செய்தி இல்லாத ஒப்பித்தலால் வந்த வினைக்கு வாக்கிய அமைப்பின் மேல் பழி போடக் கூடாது. பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு 'சஜஸ்ட்' வேண்டுமென்றால், அவள் தோழிக்கு உண்மையிலேயே ஒரு யோசனை சொல்லட்டும்: 'ஐ சஜஸ்ட் வீ டேக் த ஆறு மணி பஸ்.' சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தை முழுதாக நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வினையை மட்டும் எழுதி எதிரே தமிழ் அர்த்தம் போடும் நோட்டைவிட இது பயன்படும். அகராதியைத் திறக்கும்போதும் அர்த்தத்தோடு நிறுத்தாமல், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படிக்கச் சொல்லுங்கள். அந்த வினைக்குப் பின்னால் 'டு' வருகிறதா, 'தட்' வருகிறதா, 'இங்' வருகிறதா என்பது அங்கேதான் இருக்கிறது.