பேரழிவுக்குப் பின் ஒரு நிருவாக சபை

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். சாய்ந்தமருதின் கரையோர வளவுகள் ஒரு காலைப் பொழுதில் மணல்மேடாகின. ஜனாஸாக்களை அடக்கவும் அகதிகளுக்குச் சோறு கொடுக்கவும் முதலில் ஓடி வந்தவை பள்ளிவாசல்களும் ஊர்ச் சங்கங்களும்தான். அவசர வேலையில் நம்மட சபைகள் குறை வைப்பதில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும்.

நம்மட பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். சுனாமிக்குப் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. மேற்கே வயல், நடுவே நெருக்கமான ஊர். மாற்று வீட்டுப் பட்டியல்கள் 'குடும்பத் தலைவர்' பெயரில் தயாராகின. அது பெரும்பாலும் கணவனின் பெயர். கிழக்கின் பல இடங்களில் உம்மாவின் காணி போனதற்கு வாப்பாவின் பெயரில் வீடு கிடைத்தது. இந்தப் பிழையை முதலில் கண்டு சொல்லக்கூடியவர்கள் பெண்கள். குடிக்கு ஒரு மரைக்காயர் என்பது நம்மட பழைய ஒழுங்கு. குடி உம்மா வழியாக வருகிறது. சபையில் அமர்வது ஆண்.

அப்படியானால் சபையை மாற்றத்துக்கு இணங்க வைப்பது எப்படி? "காலம் மாறிப்போச்சு, நீங்களும் மாறுங்க" என்றால் மூத்தவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அமானிதம் கைநழுவிப் போகுமோ என்பதுதான் அவர்களுடைய பயம். ஆகவே நான் சபைகளிடம் முதலில் கேட்பது: எதை மாற்றக் கூடாது? வக்பு சொத்து, கணக்கு, குடிகளின் மரியாதை என்று எழுதி, எல்லோரும் கையொப்பமிடட்டும். மிச்சமெல்லாம் வழமை, அதை மஷூரா செய்து மாற்றலாம்.

அடுத்தது, புதியதை ஆறு மாதத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். பெண்களும் இளைஞர்களும் உள்ள ஒரு துணைக்குழு போதும். எந்தப் பட்டியலும் வெளியே போக முன்னர் அவர்கள் வாசிக்கட்டும்; இழந்த காணி ஆருடைய பெயரில் இருந்தது என்று கேட்கட்டும். அவர்கள் சொன்னது கூட்டறிக்கையில் பதியப்பட வேண்டும். ஆறு மாதத்தில் பயன் தெரிந்தால் யாப்பில் சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தவணை தெரிந்தால் எதிர்ப்பும் தணியும்.

இதையெல்லாம் ஊர் அமைதியாக இருக்கும்போதே செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தில் உங்கள் சங்கத்தின் யாப்பை விரித்துப் பாருங்கள்: தலைவரும் செயலாளரும் மௌத்தாகி, பதிவேடுகளும் போய், ஊரே இடம்பெயர்ந்தால், கூட்டத்தை ஆரு கூட்டுவது? அதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா?