இடுப்பின் ஆழ்ந்த தசைவலியும் அதனின்று மீளும் முறையும்

விவசாயிகளுக்கு நேரிடும் உபாதைகளுள், உயிருக்கு ஆபத்தில்லாததாயினும் தொழிலை அடியோடு நிறுத்திவிடக்கூடியது, இடுப்பிலும் பிருஷ்டத்திலும் ஆழ்ந்து நிற்கும் தசைவலியாகும். நடவுக்கோ அறுவடைக்கோ உரிய நாளில் இவ்வலி கண்டவர்களில் சிலர் வாரக்கணக்கில் பாயைவிட்டு எழுவதில்லை. வேறு சிலர் மாத்திரையால் வலியை அடக்கிக்கொண்டு மறுநாளே மூட்டை சுமக்கின்றனர். இரண்டும் தீங்கே. அளவறிந்து அசைவதும், படிப்படியாக வேலைக்குத் திரும்புவதுமே குணமடையும் வழியாகும்.

வலியின் தன்மை

பிருஷ்டத்தின் பெரிய தசைகளுக்கு அடியில் பிரிபார்மிஸ் என்னும் சிறு தசை ஒன்று உண்டு. பேரிக்காய் வடிவுடையதாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. அது முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பில் தொடங்கித் தொடையெலும்பின் மேல்முனையில் முடிகின்றது. தேகத்திலேயே மிகப் பருத்ததாகிய சயாட்டிக் நரம்பு பெரும்பாலோருக்கு இத்தசையின் கீழாகவும், சிலருக்கு இதனூடாகவும் செல்கின்றது. ஆகையால் தசை இறுகினால் நரம்பும் உறுத்தப்பட்டுத் தொடையின் பின்புறம் வலி இறங்கும். இந்நிலையை ராபின்சன் என்னும் மருத்துவர் 1947-ம் வருஷத்தில் தனி நோயாகப் பெயரிட்டு விவரித்தார். நம்மவர் இதனை வாயுப்பிடிப்பு என்று சொல்லி விட்டுவிடுவதுண்டு.

உட்கார்ந்திருக்கும்போதும், உட்கார்ந்து எழும்போதும், படியேறும்போதும் வலி மிகுவது இதன் குறி. குனியும்போதும் இருமும்போதும் மின்னலைப்போல் வலி பாதம்வரை ஓடுமாயின், முதுகெலும்பின் வட்டு பிதுங்கியிருக்கலாம். தொடையிடுக்கில் வலித்துச் சம்மணமிட முடியாதிருப்பின் இடுப்பு மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். வைத்தியர் சோதித்தே இவற்றைத் துணிதல் தகும்.

காரணங்கள்

நாற்று நடுவோர் நெடுநேரம் குனிந்தவாறே சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பதால் பிருஷ்டத் தசைகள் ஓய்வின்றி இழுபடுகின்றன. டிராக்டர் ஓட்டுவோர் பின்னாலுள்ள கலப்பையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் ஒரே பக்கத்தில் பாரம் தங்குகின்றது. இருக்கையின் அதிர்ச்சியும் அத்துடன் சேருகின்றது. பின்பையில் தடித்த பணப்பையை வைத்து உட்காருவதும் நரம்பை உறுத்தும். ஒரு தோளில் மட்டும் மூட்டை சுமப்பதும் ஒரு காரணமே.

செய்யத்தக்கவை

முதல் இரண்டொரு நாள் பாரமான வேலையை நிறுத்துக. ஆயினும் படுத்தே கிடத்தலாகாது. சமதரையில் தினம் பலமுறை சிறிது தூரம் நடக்கவேண்டும். அரைமணிக்குமேல் ஒரே நிலையில் உட்காரலாகாது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையால் கால்மணி நேரம் ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவினால் தோல் மரத்தவர்கள் சூட்டில் மிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

வலி சற்றுத் தணிந்தபின் இரண்டு அப்பியாசங்கள் பயன்தரும். முதலாவது: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வலியுள்ள காலின் கணுக்காலை மற்ற முழங்காலின்மேல் வைத்து, கீழ்த்தொடையை இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்து 30 விநாடி நிறுத்துக; இவ்வாறு மூன்று முறை செய்க. இரண்டாவது: முழங்கால் மடக்கிய நிலையில் இடுப்பை மேலே தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குக, பத்து முறை செய்க. முன்னது தசையைத் தளர்த்தும்; பின்னது அதற்கு வலுவூட்டும். இழுப்பு உணரலாம், கூர்மையான வலி கூடாது.

வேலைக்குத் திரும்புவோர் முதலில் அரைநாளும், பின்பு முழுநாளும் உழைத்து, சுமை தூக்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்க. இன்று மிகுந்த வலி மறுநாள் காலைக்குள் தணியாவிடில், வேலையின் அளவைக் குறைத்திடுக. சிலர் சில வாரங்களில் தேறுவர். நாட்பட்ட வலியாயின் இரண்டு மூன்று மாதமும் செல்லும்.

செய்யத்தகாதவை

காலால் மிதிப்பித்தலும் முரட்டுத்தனமாக அமுக்குவித்தலும் கூடா. பயிற்சியில்லாதவரிடம் பிருஷ்டத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாகாது. ஊசி நரம்பில் பாய்ந்தால் பாதமே செயலற்றுத் தொங்கும். வெயிலில் வியர்த்து உழைப்பவர் வலிமாத்திரைகளைத் தாமாகவே தொடர்ந்து விழுங்கின் சிறுநீரகம் கெடும்.

காலில் பலக்குறைவு, தொடையிடுக்கில் மரமரப்பு, மலஜலம் அடைபடுதல் அல்லது கட்டுப்படாமை இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைக்கே ஆஸ்பத்திரி செல்லவேண்டும். காய்ச்சலுடன் கூடிய வலியையும், விழுந்தபின் கண்ட வலியையும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க

1967-ம் வருஷத்தில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்று சிபார்சு செய்தது. மூட்டைகளைச் சிறியனவாகக் கட்டுவதும், தள்ளுவண்டியை உபயோகிப்பதும், வரிசை நடவு வயலில் நின்றபடியே தள்ளும் களைக்கருவியைக் கையாளுவதும் பெருஞ்செலவில்லாத காரியங்கள். தமிழ்நாட்டில் 2021-ம் வருஷம் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. வலியால் முடங்கினோரை அதிகாரிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வழிப்படுத்துவது நலம். உழுமாட்டுக்குக் கால் நொண்டினால் நுகத்தை இறக்கிவிடுகிறோம். உழுகிறவர் தேகத்திற்கும் அவ்வளவு கவனமாவது செலுத்துதல் வேண்டும்.