பூட்டைத் திறவாத கணக்கு

நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பிரித்துப் பாராமல், குறைவின்றித் திருப்பித் தருவதே அமானிதம் பேணுதல். நகையும் பணமும் மட்டுமன்று, ஒருவரைப் பற்றிய செய்தியும் அமானிதமே. வில்லியனூரிலோ பாகூரிலோ ஒருவர் செய்துகொள்ளும் குருதிப் பரிசோதனையின் முடிவு, இன்று தொலைவிலுள்ள கணிப்பொறியொன்றில் ஆராயப்படலாம். அனுப்பும்போதும் சேமிக்கும்போதும் அதனை மறையெண்ணாக மாற்றிப் பூட்டிவைக்க இயலும். ஆனால் கணக்கிடும் வேளையில் பூட்டைத் திறந்தாக வேண்டும். அப்போது பிறர் கண்ணில் படும். திறவாமலே கணக்கிட இயலாதா?

இவ்வினாவை 1978இல் ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூசோஸ் ஆகிய மூவரும் எழுப்பினர். முன்னவர் இருவரும் ஷமீருடன் சேர்ந்து 1977இல் கண்ட ஆர்.எஸ்.ஏ. முறையிலேயே விடையின் ஒரு பாதி அமைந்திருந்தது. அதனைச் சிறிய எண்களால் விளங்கிக்கொள்வோம்.

ஓர் எண்ணின் மூன்றாம் படியை 33ஆல் வகுத்து வரும் மீதியே மறையெண் என்க. 2இன் மறையெண் 8; 3இன் மறையெண் 27. மூல எண்களை அறியாத ஒருவர் 8ஐயும் 27ஐயும் பெருக்கினால் 216. அதனை 33ஆல் வகுத்தால் மீதி 18. இரகசியத் திறவுகோல் 7. அதனை உடையவர் 18இன் ஏழாம் படியை 33ஆல் வகுத்தால் மீதி 6. இஃது 2, 3 ஆகியவற்றின் பெருக்கற்பலனே அன்றோ! நடைமுறையில் 33க்குப் பதிலாக நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண் அமையும். மறையெண்மீது செய்த செயல் மூல எண்மீது செய்த செயலுக்கு ஒப்பாவதால், இதனைச் செயலொப்புமை மறையாக்கம் எனலாம்.

ஆயினும் இம்முறையில் பெருக்கல் உண்டு, கூட்டல் இல்லை. 1999இல் பஸ்கால் பையே கண்ட முறையிலோ கூட்டல் உண்டு. இரு மறையெண்களுக்குரிய மூல எண்களைப் பெருக்க வழியில்லை. இரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் எக்கணக்கையும் செய்ய இயலும். அதனை 2009இல் நிறைவேற்றிக் காட்டியவர் கிரேக் ஜென்ட்ரி. அவரது முறையில் ஒவ்வொரு செயலின்போதும் மறையெண்ணில் சிறிது பிழை சேரும். மிகுந்தால் விடை சிதையும். பூட்டைத் திறக்கும் கணக்கையே பூட்டுக்குள் நிகழ்த்தி அப்பிழையைக் குறைத்தார் அவர். 2011இல் பிராகெர்ஸ்கியும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற வினோத் வைகுந்தநாதனும் இதனை எளிமையாக்கினர். மூவரும் 2022இல் கோடெல் பரிசு பெற்றனர்.

திறந்த எண்களில் கணக்கிடுவதைவிட இம்முறை இன்னும் மிக மெதுவானது. மேலும், அது காப்பது கணக்கிடுபவரின் பார்வையிலிருந்துதான். திறவுகோலை உடையவர் விடையைக் காண்பார்; அவரது நேர்மைக்குக் கணிதம் பிணை நிற்காது. இந்தியாவில் 2023இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒருபுறம், கணிதம் மறுபுறம் துணைநின்றாலும், திறவுகோலை ஏந்தும் கை அமானிதம் அறிந்த கையாக இருத்தல் வேண்டும். அத்தகு கைகளை உருவாக்குவதும் கல்லூரியின் கடமையே.