கடல் மீன் தொட்டிக்கு "உயிர்க்கல்" வாங்குபவர்களே உஷார்! தப்பான கல் சிக்கினால் 3 ஆண்டு ஜெயில்!!

பார்த்தால் வெறும் கல். ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆனால் அவசரப்பட்டு வாங்கித் தொட்டியில் போட்டால் மீன் சாகும், பணம் போகும். அது கடலில் திருடிய கல்லாக இருந்தால் கம்பியும் எண்ண வேண்டியதுதான்!

அந்தக் கல்லுக்குப் பெயர் "லைவ் ராக்". தமிழில் "உயிர்க்கல்" என்று சொல்லலாம்.

சென்னையில் வண்ண மீன் வளர்க்கும் ஆசைக்குக் குறைவே இல்லை. கொளத்தூருக்குப் போனால் தெரு முழுக்க மீன் கடைதான். தங்க மீன், கப்பி, பைட்டர் என்று வளர்த்துப் பழகியவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை கடல் மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பார்த்தால் குழந்தைகள் விடுவதில்லை. கடல் மீன் வந்தால் கூடவே கல்லும் வர வேண்டும். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

உயிர்க்கல் என்பது பெரும்பாலும் செத்துப்போன பவளத்தின் எலும்புக்கூடு. கல்லுக்கு உயிர் கிடையாது. அதன் ஓட்டைகளில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கும், பாசி, புழு, பஞ்சுயிரிகளுக்கும்தான் உயிர்.

மீன் போடும் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அமோனியாவாக மாறும். அமோனியா மீனுக்கு விஷம். கல்லில் இருக்கும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். வேறொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். இதில் ஆபத்து குறைவு. காற்றுப் போகாத ஆழமான ஓட்டைகளில் நைட்ரேட்டும் வாயுவாகி வெளியேறிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், தொட்டிக்குக் கல்தான் துப்புரவுத் தொழிலாளி!

3 நாளில் மிதக்கும் மீன்!

"கல்லுதானே சார், இன்னிக்குப் போடுங்க, நாளைக்கு மீனை விடுங்க" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நம்பி ஏமாந்து விடாதீர்கள்.

தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வரும்போதே கல்லில் இருக்கும் பாதி உயிர்கள் செத்துவிடும். அவை தொட்டிக்குள் அழுகும். அமோனியா ஏறும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அப்புறம் மிதக்கும்.

அதனால்தான் கல்லை முதலில் தனியாகப் போட்டு "பக்குவப்படுத்த" வேண்டும் என்கிறார்கள். இதற்கு 3 வாரம் முதல் 6 வாரம் வரை பிடிக்கும். அழுகும் கல்லில் அழுகின முட்டை நாற்றம் வரும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது!

புலியும் பவளமும் ஒரே பட்டியல்!

நாற்றத்தையாவது பொறுத்துக் கொள்ளலாம். சட்டத்தை என்ன செய்வது?

2001-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலி, யானை இருக்கும் அதே பட்டியல்! பவளம் உயிரோடு இருந்தாலும் ஒன்றுதான், செத்த எலும்புக்கூடாக இருந்தாலும் ஒன்றுதான். விற்றவர் மட்டும் அல்ல, வாங்கி வீட்டில் வைத்திருப்பவரும் குற்றவாளி.

தண்டனை குறைந்தது 3 ஆண்டு. 7 ஆண்டு வரை போகலாம். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது குறைந்தபட்ச அபராதத்தை 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 25 ஆயிரம் ரூபாயாக ஏற்றிவிட்டார்கள்.

"எனக்குத் தெரியாது சார், கடையில குடுத்தாங்க" என்ற பேச்சு எடுபடாது.

முழுகிப் போன 2 தீவுகள்

ஒரு கல்லுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கலாம். தூத்துக்குடிப் பக்கம் போய்க் கேட்டால் பதில் கிடைக்கும்.

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுற்றிலும் பவளப் பாறை. சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பல ஆண்டுகளாக இந்தப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போனது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற 2 தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. கரைந்து கொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்றக் கடலுக்குள் கான்கிரீட் பாறைகளை இறக்க வேண்டி வந்தது.

இந்தப் பகுதியை 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கிருந்து ஒரு துண்டுக் கல்லை எடுத்தாலும் திருட்டுதான்.

அப்படியானால் என்ன வழி?

வழி இருக்கிறது. மனிதன் செய்த கல்!

சிமெண்டிலும் சுட்ட மண்ணிலும் ஓட்டை ஓட்டையாகச் செய்த செயற்கைக் கல் விற்கிறது. பாக்டீரியாவுக்குக் குடியிருக்க ஓட்டை இருந்தால் போதும். பவளமா சிமெண்டா என்று அது பார்ப்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவிலும் இயற்கைக் கல்லை எடுப்பதற்குத் தடை வந்தது. அங்கே குவாரிக் கல்லைக் கடலுக்குள் போட்டு வைத்து, உயிர் ஏறிய பிறகு எடுத்து விற்கிறார்கள்.

செயற்கைக் கல்லை இப்படிப் பக்குவப்படுத்தலாம்:

சிமெண்டுக் கல்லாக இருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் ஊறப் போட வேண்டும். சிமெண்டின் காரம் இறங்கச் சில வாரம் ஆகும். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

பிறகு பிளாஸ்டிக் டிரம்மில் உப்புத் தண்ணீர். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. மீன் கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவைதான் போட வேண்டும், சமையல் உப்பு உதவாது. ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். குளோரினை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

"பீச்சுல ஒரு குடம் மொண்டா போச்சு" என்று கிளம்ப வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் கடல் அது!

டிரம்மில் ஒரு சின்ன மோட்டார் இரவு பகலாகத் தண்ணீரைச் சுழற்ற வேண்டும். வெளிச்சம் கூடாது, பட்டால் பாசி பிடிக்கும். பழைய கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு பில்டர் பஞ்சு வாங்கிப் போட்டால் பாக்டீரியா பரவும். அதற்குத் தீனியாக ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விட்டால் போதும்.

டெஸ்ட் கிட் வாங்கி அடிக்கடி பார்க்க வேண்டும். முதலில் அமோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சைபருக்கு வந்து அங்கேயே நின்றால்தான் கல் பக்குவம். அதன் பிறகு ஒரு மீன், இரண்டு மீன் என்று மெதுவாக விடலாம்.

அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி செத்துவிடும். ஏரியிலும் கொட்டக் கூடாது.

காசு கொடுப்பதற்கு முன்...

கடையில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. "இந்தக் கல் எங்கே செய்தது? பில் தருவீர்களா?"

"சும்மா எடுத்துட்டுப் போங்க சார், பில்லெல்லாம் எதுக்கு" என்று பதில் வந்தால், பர்ஸை மூடிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!