நாற்காலியை விட்டுப் போனவர்கள்

ஜவ்வாது மலை ஒரு பக்கமும் ஏலகிரி மறுபக்கமுமாக நிற்கும் திருப்பத்தூரில், 1921-ல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், வைத்தியம் பார்த்தார்கள், ஜெபாலயத்தைக்கூடக் கோபுரம் வைத்து நம் ஊர்க் கோயில் போலவே எழுப்பினார்கள். ஏசுதாசன் 1969-லும் பேட்டன் 1970-லும் காலமானார்கள். பேட்டன் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிக் குடியேறவே இல்லை. கடல் கடந்து வந்த ஒருவர் இங்கேயே வாழ்ந்து முடிந்தார் என்றால் நமக்கு மனம் இளகிவிடும், கல்வெட்டு வைப்போம், தெருவுக்குப் பெயர் வைப்போம். மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பியவர்களை அப்படி யாரும் நினைப்பதில்லை. ‘எப்படியும் போகப் போகிறவர்கள்தானே’ என்று விட்டுவிடுகிறோம். இது நியாயமில்லை. சில பேர் விஷயத்தில், அவர்கள் இந்த மண்ணுக்குச் செய்த காரியங்களுள் பெரியதே நேரம் பார்த்துக் கிளம்பியதுதான்.

மிஷனரிகளான லெஸ்லி நியூபிகின், ஹெலன் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கல்யாணமான 1936-லேயே இருவரும் சென்னைக்குக் கப்பலேறி வந்தார்கள். ஹெலனுக்கு இந்தியா புதிதல்ல, அவருடைய பெற்றோரும் இங்கே மிஷனரிகளாக இருந்தவர்கள். லெஸ்லி தமிழ் கற்றார். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்தாருடன் தரையில் அமர்ந்து உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் சேர்த்துப் படித்தார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, 37 வயதில் மதுரை - ராமநாதபுரம் பேராயரானார். இடையில் சில ஆண்டுகள் லண்டன், ஜெனீவா என்று உலகத் திருச்சபை அமைப்புகளில் வேலை. 1965-ல் சென்னைப் பேராயராகத் திரும்பி வந்தார். 65 வயதை எட்டிய 1974-ல் அந்தப் பதவியை விட்டு இறங்கினார். அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் சுந்தர் கிளார்க், தமிழர்.

அப்போது காலம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1971-ல் கென்யாவின் திருச்சபைத் தலைவர் ஜான் கட்டு, மேலைநாட்டு மிஷனரிகளையும் அவர்கள் பணத்தையும் சில காலமாவது நிறுத்தி வையுங்கள், எங்கள் காலில் நாங்கள் நிற்கக் கற்றுக்கொள்கிறோம் என்று வெளிப்படையாகவே கேட்டார். இந்தியாவிலும் வெளிநாட்டு மிஷனரிக்கு விசா கிடைப்பது கடினமாகிக்கொண்டிருந்தது. சட்டம் வந்து தள்ளும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு மனக்கசப்போடு போனவர்களும் உண்டு. நியூபிகின் தம்பதி அப்படிப் போகவில்லை. விமான டிக்கெட் எடுக்கவில்லை, சாமான்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றவும் இல்லை. இரண்டு சூட்கேஸ், முதுகில் மாட்டும் பை ஒன்று. 38 ஆண்டுச் சம்சாரத்தில் கையோடு எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக, அந்தந்த ஊர் ஜனங்கள் ஏறும் பஸ்ஸிலேயே ஏறி, இரண்டு மாதத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். 65 வயதை நெருங்கிய பேராயரும் மனைவியும், மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவே இடம் பிடித்து மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்! வழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபிக்க யாராவது துணை கிடைத்தார்கள். ஒரு காலத்தில் கிறிஸ்தவத்தின் பெரிய கோட்டையாக இருந்த துருக்கியின் கப்பதோக்கியாவில் மட்டும் யாருமே இல்லை. தாங்கள் இருவருமே சபையாக அன்று ஆராதித்தார்கள்.

‘பேட்டன் தங்கினாரே, அது தவறா?’ என்று கேட்கலாம். தவறே இல்லை. ஆனால் எந்த நிலையில் தங்கினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மிஷன் அமைப்புகளில் வெள்ளையருக்கு ஒரு தட்டு, இந்தியருக்கு ஒரு தட்டு என்றிருந்த ஏற்பாட்டுக்கு மாற்றாகத்தான் திருப்பத்தூர் ஆசிரமமே பிறந்தது. அங்கே ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். பணம் யார் வீட்டிலிருந்து வந்திருந்தாலும் மூத்த இடம் தமிழருக்குத்தான். காலி செய்ய வேண்டிய நாற்காலி எதிலும் பேட்டன் உட்காரவே இல்லை. நியூபிகின் உட்கார்ந்திருந்தது பேராயர் நாற்காலியில். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு நன்றாகத் தமிழ் பேசினாலும், அவர் அங்கே இருக்கும் வரை இன்னொருவர் வெளியே நின்றுதான் ஆக வேண்டும்.

கொல்லிமலையில் மிஷனரியாக இருந்த ஈவ்லின் பிராண்ட் இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுகிறார். கணவர் ஜெஸ்ஸி 1929-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். பின்னாளில், வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொன்னபோது ஈவ்லின் பதவியை விட்டார், மலையை விடவில்லை. உத்தியோகமும் அதிகாரமும் இல்லாத கிழவியாக மலைமக்களோடு இருந்து, 1974 டிசம்பரில் 95 வயதில் காலமானார். நியூபிகின் தம்பதி பஸ் ஏறியதும் அதே ஆண்டுதான். ஈவ்லினின் மகன் பால் பிராண்டோ, வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர், கூடவே இந்திய மருத்துவர்களுக்கும் அந்தக் கைத்திறனைப் பழக்கிவிட்டு, 1966-ல் மனைவி மார்கரெட்டோடு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். தாய் தங்கினார், மகன் போனார். யாருக்கு அன்பு அதிகம் என்று தராசு பிடிப்பது வீண் வேலை. அம்மாவும் மகனும் தங்கள் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கிளம்பும் நாளைத் தானே குறித்துக்கொள்ள முடிவதே ஒரு சலுகை அல்லவா? ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வளைகுடாவுக்குப் போன தம்பதிக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே தங்கும் அனுமதி வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் விசாவும் போயிற்று. அவர்களுடைய கடைசி வாரங்கள் முதலாளியின் கணக்குப் பிள்ளையிடம் பாக்கிக்காக அலைவதிலும், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும், கார்கோ பெட்டிக்குக் கிலோ கணக்குப் பார்ப்பதிலும் கரைகின்றன. இரண்டு சூட்கேஸோடு வா என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை இல்லை, அந்தப் பெட்டியில் இருப்பது அவர்கள் சம்பாதித்தது. ஒப்பிட வேண்டியது சாமானை அல்ல. தேதியைக் குறிக்கும் அதிகாரம் கையில் இருந்தும் அதை நீட்டிக்கொள்ளாமல் விட்டவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அதிகாரம் உள்ளவர் நேரத்தோடு எழுந்திருப்பது எவ்வளவு அபூர்வம் என்று நம் சங்கங்களையும் கட்சிகளையும் பார்த்தாலே தெரியும்.

சொந்த ஊர் என்ற மெத்தை நியூபிகின் தம்பதிக்குக் காத்திருந்தது என்பதும் முழு உண்மையல்ல. சென்னைக் குடிசைப் பகுதிகளில் நாளைக்கு விடியும் என்ற நம்பிக்கை இருந்தது, இங்கிலாந்தில் அது காணாமல் போயிருக்கிறது என்று நியூபிகின் சொன்னார். பர்மிங்ஹாமின் செல்லி ஓக் கல்லூரிகளில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். பிறகு 70 வயதுக்கு மேல், வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே மூடப்பட இருந்த சின்னஞ்சிறு சபை ஒன்றைத் தானே கேட்டு வாங்கிப் போதகரானார். சுற்றிலும் ஏழைகள், ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள். அங்கே அவரோடு சேர்ந்து ஊழியம் செய்ய இந்தியாவிலிருந்தே ஒரு போதகர் வந்தார்.